உடல் வளர்த்த மன்றங்கள்: ஒரு வரலாற்றுப் பாடம்

ஒரு சமுதாயத்தின் முன்னேற்றத்தை அளக்க முற்படுவோர் பெரும்பாலும் இரண்டு கணக்குகளையே பார்க்கின்றனர். எத்தனை பேர் கற்றனர் என்பது ஒன்று; எத்தனை பேர் பணியில் அமர்ந்தனர் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் இன்றியமையாதனவே. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடுபட்டு வந்ததும் இவற்றிற்காகவே. ஆயினும் மூன்றாவதாக ஒரு கணக்கு உண்டு. நம் பிள்ளைகள் ஓடியாட ஒரு திடலும், உடலை உரமாக்க ஒரு கூடமும், மாலையில் கூடிப் பேசவும் படிக்கவும் ஒரு மன்றமும் இருக்கின்றனவா என்பதே அது. "சோற்றுக்கே வழி தேடும் நமக்கு விளையாட்டு எதற்கு?" என்று கேட்போர் நம்மிடையேயும் உளர். இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை யாது என ஈண்டு ஆராய்வோம். அதற்கு நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்கக் கறுப்பின மக்கள் தமக்கெனக் கட்டியெழுப்பிய மன்றங்களின் கதையாகும்.

இம்மக்களின் கதை நமக்கு அயலானதன்று. மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' என்னும் நூலை, அடிமைகளின் விடுதலைக்காகத் தம்மை ஈந்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பினப் பேரறிஞர் டூ பாய்சுக்குக் கடிதம் எழுதி, இரு மக்களின் நிலையும் ஒத்திருப்பதைச் சுட்டினார்.

சங்கத்தின் தோற்றம்

ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் கிறித்தவ வாலிபர் சங்கம் 1844இல் இலண்டன் நகரில் தோன்றியது. ஜார்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடைப் பணியாளரும் அவருடைய தோழர்களும் அதனைத் தொடங்கினர். 1851இல் அது அமெரிக்காவின் பாஸ்டன் நகரை அடைந்தது. முதலில் வழிபாட்டிற்கும் படிப்பிற்குமாகக் கூடிய சங்கம், நாளடைவில் உடற்பயிற்சியையும் தன் பணியாக ஏற்றது. கூடைப்பந்து 1891இல் பிறந்தது இச்சங்கத்தின் ஸ்பிரிங்பீல்டு பயிற்சிப் பள்ளியில்தான். நம் ஊர்த் திடல்களில் மாலைதோறும் ஆடப்படும் கைப்பந்தும் 1895இல் இச்சங்கத்தின் கூடமொன்றில் தோன்றியதே.

எனினும், கடவுளின் பேரால் கூடிய அச்சங்கமும் நிறம் பார்த்தது. வெள்ளையர் மன்றங்களில் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை. ஆகவே 1853இல் வாஷிங்டனில் ஆன்டனி போவன் என்பார் தம் மக்களுக்கெனத் தனிக் கிளையொன்றைத் தொடங்கினார். அவர் அடிமையாகப் பிறந்தவர். உழைத்துச் சேர்த்த பணத்தால் தம் விடுதலையைத் தாமே விலை கொடுத்து வாங்கியவர். அந்நகரில் அடிமை முறை ஒழிந்தது 1862இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் அவருடைய துணிவு நமக்குப் புலப்படும்.

ஆர்வம் இருந்தது, ஆனால் கட்டடம் இல்லை, பணம் இல்லை, முழுநேரமும் உழைக்க ஆள் இல்லை. வாஷிங்டன் கிளைக்குரிய பெருங்கட்டடத்திற்கு 1908இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்தது 1912இல். போவன் விதைத்த விதை மரமாவதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின.

திட்டம் உருவான வகை

இந்நிலையை மாற்றியவர் இருவர். முதலாமவர் வில்லியம் ஹன்டன். 1888இல் வர்ஜீனியா மாநிலத்து நார்போக் நகரில், ஊதியம் பெறும் முழுநேரச் செயலாளராக அமர்ந்த முதற் கறுப்பினத்தவர் அவரே. 1898இல் அவருடன் ஜெசி மூர்லாண்டு சேர்ந்தார். இருவரும் ஊர் ஊராகச் சென்று, கிளைகளை ஒழுங்குபடுத்தி, இளைஞர்களைச் செயலாளர்களாகப் பயிற்றினர். ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டினால் மட்டும் ஒரு நிறுவனம் நிலைக்காது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

அடுத்து வந்தது பணம். சிகாகோ நகர வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு, யூதக் குடியில் பிறந்தவர், 1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அறிவிப்புச் செய்தார். கறுப்பின மக்களுக்கு மன்றக் கட்டடம் எழுப்ப எந்த நகரத்தார் 75,000 டாலர் திரட்டுகின்றனரோ, அந்நகருக்குத் தாம் 25,000 டாலர் தருவதாகவும், இவ்வாக்கு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும் எனவும் கூறினார். அவர் பிச்சையிடவில்லை, முதலில் நீங்கள் மூன்று பங்கு திரட்டுங்கள், நான்காம் பங்கு என்னுடையது என்றார். இந்நிபந்தனையே மக்களை எழுப்பியது. குழுக்கள் வீடு வீடாகச் சென்றன. நாள் குறித்து நன்கொடை திரட்டினர். மூர்லாண்டு நகரந்தோறும் சென்று வழிகாட்டினார்.

இண்டியானாபொலிஸ் நகரில் 1911இல் மேடம் சி. ஜே. வாக்கர் என்னும் அம்மையார் 1,000 டாலர் வழங்கினார். அடிமைகளாயிருந்த பெற்றோருக்கு 1867இல் பிறந்தவர் அவர்; பல்லாண்டு துணி வெளுத்துப் பிழைத்தவர்; பின்னர் தம் முயற்சியால் கூந்தல் தைலத் தொழிலில் உயர்ந்தவர். ஒரு காலத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை டாலரும் அரிதாகப் பெற்ற கை அது. ரோசன்வால்டின் அறிவிப்பின் பயனாக இருபதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கட்டடங்கள் எழுந்தன.

அக்கட்டடங்களில் உடற்பயிற்சிக் கூடம், நீச்சல் குளம், வகுப்பறை, உணவு விடுதி, தங்கும் அறைகள் எல்லாம் அமைந்தன. தங்கும் அறைகள் ஏன்? வெள்ளையர் விடுதிகளில் கறுப்பினப் பயணிக்கு இடம் கிடையாது. அத்தேவையை நிறைவு செய்த அறைகளே வாடகையும் ஈட்டித் தந்து மன்றத்தின் அன்றாடச் செலவிற்குத் துணை நின்றன.

சிகாகோவின் வாபாஷ் சாலை மன்றம் 1913இல் எழுந்தது. 1915 செப்டம்பரில் அங்கே தங்கியிருந்த கார்ட்டர் உட்சன் என்னும் அறிஞர், தம் இனத்தின் வரலாற்றை ஆராய ஒரு கழகத்தை அக்கட்டடத்திலேயே தொடங்கினார். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து, பின்பு 1912இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1926இல் அவர் தொடங்கிய வரலாற்று வாரமே 1976இலிருந்து வரலாற்று மாதமாகக் கொண்டாடப்படுகிறது. உடலை வளர்க்கக் கட்டிய கூடம் அறிவையும் வளர்த்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

தனி மன்றமா, பொது உரிமையா?

இம்முயற்சியை எல்லாரும் புகழ்ந்தனர் என எண்ணுதல் தவறு. தனிக் கட்டடம் கட்டிக்கொள்வது பிரிவினையை நாமே ஒப்புக்கொள்வதாகாதா என்று கறுப்பின மக்களிடையே வினா எழுந்தது. கிறித்துவின் பெயரைத் தாங்கிய சங்கம் நிறம் பார்ப்பதை டூ பாய்ஸ் தம் ஏட்டில் கண்டித்தார். அவர் வினவியதில் நியாயம் உண்டு. 1946இல்தான் சங்கத்தின் தேசியப் பேரவை நிறப்பிரிவினையைக் கைவிடுமாறு கிளைகளைக் கேட்டுக்கொண்டது. அதன் பின்னரும் தென் மாநிலங்களில் அது எளிதில் அழியவில்லை.

அலபாமா மாநிலத்து மான்ட்கமரி நகரில் நடந்ததை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். நகரப் பூங்காக்களில் கறுப்பினத்தவரையும் அனுமதிக்க வேண்டுமென வழக்கு எழுந்தபோது, நகராட்சி 1959 சனவரி முதல் நாள் எல்லாப் பூங்காக்களையும் மூடிவிட்டது. அதற்கு முன்பே, 1958இல், அவ்வூர் வாலிபர் சங்கத்துடன் நகராட்சி ஓர் உடன்பாடு செய்துகொண்டிருந்தது. பொதுத் திடல் மூடப்பட்டது. வெள்ளைச் சிறுவர்கள் சங்கத்துத் திடலில் ஆடினர். 1969இல் இரண்டு கறுப்பினச் சிறுவர்கள் கோடை முகாமில் சேர்க்கப்படாமல் திருப்பப்பட்டனர். வழக்கு நடந்தது. 1970இல் கூட்டாட்சி நீதிமன்றம் இப்பிரிவினை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 1972இல் மேல் நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

அங்கே மிகவும் கசந்தது நீச்சல் குளம். ஒரே நீரில் இருவரும் இறங்குவதை வெள்ளையர் பொறுக்கவில்லை. இதனை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 1927இல் மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் நீர் அள்ளிப் பருகியதன் பொருளை நாம் அறிவோம். பொதுமக்கள் கூடும் இடம், கிணறு, குளம், நீராடு துறை ஆகியவற்றை எவர்க்கும் மறுக்கலாகாது என்று நம் அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு விதிக்கிறது. அவ்விதி ஊர்த் திடலையும் காக்கும் என்பதை நம் இளைஞர்கள் உணர வேண்டும்.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றிலிருந்து நம் சங்கம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு என்ன கொள்ளலாம்?

முதலாவது, கட்டடத்தை வரைவதற்கு முன் தேவையை அறிதல். நம் தெருக்களில் எத்தனை சிறுவர், எத்தனை சிறுமியர், எத்தனை முதியோர் உளர், அவர்கள் மாலைப்பொழுதை எங்குக் கழிக்கின்றனர், என்ன நோயால் வருந்துகின்றனர் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவோம்.

இரண்டாவது, பொறுப்புள்ள பணியாளர். ஹன்டன் இன்றி அக்கிளைகள் நிலைத்திரா. நாமும் நம் இளைஞருள் சிலரை உடற்கல்வி பயில அனுப்புவோம். ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடைபெறுகிறது.

மூன்றாவது, பணம். ஒருவர் தரும் பெருந்தொகையை எதிர்நோக்கி நில்லாமல், பலர் தரும் சிறு சந்தாவை அடித்தளமாக்குவோம். வாக்களிப்பது வேறு, செலுத்துவது வேறு. ஆகவே காலக்கெடுவும், இரசீதும், ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படிக்கப்படும் கணக்கும் வேண்டும்.

நான்காவது, நடத்தும் செலவு. திறப்பு விழாவிற்குப் பின் பந்து வாங்கவும், விளக்கெரிக்கவும், கூரையைச் செப்பனிடவும் பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கட்டுமுன்பே எழுதி வைப்போம்.

ஐந்தாவது, பெண்மக்கள். அக்கால மன்றங்கள் வாலிபர்க்கே உரியனவாயிருந்தன. உயர் வகுப்பை எட்டியதும் மாணவியர் திடலுக்கு வருவது குறைவதைப் பள்ளிகளில் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்க்கென இடமும் நேரமும் ஒதுக்காத திட்டம் பாதித் திட்டமே.

இறுதியாக ஒன்று. நமக்கென ஒரு மன்றம் கட்டுவதும், பொதுத் திடலில் நம் உரிமையைக் கேட்பதும் ஒன்றற்கொன்று மாறானவை அல்ல. கறுப்பின மக்கள் இரண்டையும் செய்தனர். வாஷிங்டன் மன்றத்தைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளே பின்னாளில் பொது வாயில்களைத் திறக்கச் செய்தனர். தமக்கெனக் கட்டிய கூடத்தில் ஒன்றுகூடவும், கணக்கு எழுதவும், தலைநிமிர்ந்து பேசவும் அவர்கள் முன்பே பழகியிருந்தனர். நம் இளைஞர்களும் அவ்வாறு பழகுவதற்கு ஓர் இடம் வேண்டும். அதற்கான திட்டக் குழுவை இவ்வெள்ளி விழா ஆண்டிலேயே பொதுக்குழு அமைக்க வேண்டுமென்பது நம் வேண்டுகோள். வளர்க நம் சங்கம்!