அறிதல் அறிவியல்: முதுநிலைப் பயிற்சி

மனம் எப்படி அறிகிறது என்பதை உளவியல், மொழியியல், நரம்பியல், கணினியியல், மெய்யியல் ஆகியவற்றைச் சேர்த்துக் கற்பிக்கும் பட்டமேற்படிப்பு. இதற்கான முதல் தனித்துறை 1986-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் அமைந்தது. இந்தியாவில் அலகாபாத் பல்கலைக்கழக மையம் 2002-இல் தொடங்கியது, காந்திநகர் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. உண்டு. திரையில் ஒரு சொல்லைக் காட்டி, படிப்பவர் விசையை அழுத்த ஆகும் நேரத்தை மில்லிவினாடிக் கணக்கில் அளப்பது ஆய்வகத்தின் தொடக்கப் பாடங்களில் ஒன்று. இலக்கியம் படித்து வந்தவருக்கு நிரலெழுதுவதும், பொறியியல் படித்து வந்தவருக்கு மெய்யியல் வாதமும் முதல் பருவத்திலேயே தொல்லை தரும்.

இத்துறைகள் எல்லா இடத்திலும் இப்படி ஒன்றுசேரவில்லை: சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மொழியியலும் உளவியலும் மெய்யியலும் தனித்தனித் துறைகள்.

மனம் எப்படி அறிகிறது என்ற கேள்வி மட்டும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல: கடலூர் மாவட்டப் பெண்ணாடத்தில் பிறந்தவர் 13-ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார். அவருடைய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம் மனம் முதலிய உட்கருவிகளான அந்தக்கரணங்களுக்கும் உயிருக்கும் உள்ள உறவைப் பேசுகிறது. அவருடைய மாணவர் அருணந்தி சிவாச்சாரியார், சிவஞான சித்தியாரில், காட்சியை, அதாவது நேரடி அறிதலை, இந்திரியம், மானதம், தன்வேதனை, யோகம் என நான்காகப் பகுத்தார். இந்தப் பகுப்பை இன்றைய அறிதல் அறிவியலுக்கு முன்னோடி என்பது மிகை. ஆனால் பயிற்றுமுறை கவனிக்கத்தக்கது: நூலின் முதற்பகுதியான பரபக்கத்தில் பிறர் கொள்கைகளை எடுத்துக்காட்டி மறுத்த பிறகே அடுத்த பகுதியான சுபக்கத்தில் தம் கொள்கையை நிறுவுகிறார்.