கடல் விலகிய கொற்கை

நடு அமெரிக்கக் காடுகளில் புதைந்த மாயர் நகரங்களைக் குறித்து வியக்கிறோம். நம் மண்ணிலும் அத்தகைய நகரமொன்று உண்டு. வாசுதேவநல்லூருக்கு மேற்கே தெரியும் மலைத்தொடரின் தென்பகுதியான பொதிகையில் பிறக்கும் பொருநை ஆறு அதை வாழவும் வைத்தது, மாளவும் வைத்தது. அதுவே பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை.

1968-69இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, அவ்வூரின் பழமையை ஏறத்தாழ கி.மு. 785 வரை கொண்டுசென்றது. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடற்பயண நூலோ, அங்கே முத்துக் குளித்தோர் தண்டனைக் கைதிகள் என்கிறது. அரசியர் அணிந்த முத்துக்குப் பின்னால் அடிமைப்பட்டோரின் மூச்சு இருந்ததை நாம் மறத்தலாகாது.

கொற்கையைக் கடலினின்று பிரித்தது பகைவர் படையன்று. வளம் கொணர்ந்த ஆறே வண்டலையும் கொணர்ந்தது, கழிமுகம் மேடிட்டது, கடற்கரை கிழக்கே நகர்ந்தது. வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே குதிரைக் கப்பல்கள் வந்ததை மார்க்கோ போலோ எழுதினார். காயலும் மண்மேடிடவே புன்னைக்காயல் எழுந்தது. 16ஆம் நூற்றாண்டில் அண்ட்ரிக் அடிகளார் தொண்டாற்றிய ஊர் அது. பின்னர் தூத்துக்குடி சிறந்தது. கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து ஆராய்ந்த கால்டுவெல், 1877இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்.

இன்று கொற்கை கடலுக்குச் சில கல் தொலைவிலுள்ள சிற்றூர். நகர் தேய்ந்தது, மக்களோ கடலைத் தொடர்ந்து சென்று வாழ்ந்தனர். பேரழிவு எப்போதும் இடியோசையோடு வருவதில்லை. நமக்கு வளம் தருவதே ஓசையின்றி எதைப் படியவிடுகிறது என்று அவ்வப்போது ஆராய்ந்து பார்ப்போமா?