கண்ணாடி வளையமும் தனிக் கணினியும்

கணினி வலைகளின் வரலாற்றைக் கூறுவோர் கண்ணாடி இழையின் பெருமையைப் பேசி அமைவர். அவ்விழையின் வாயிலில் நின்று சாதாரணக் கணினியை உள்ளே அழைத்துச் சென்ற ‘பிரிட்ஜ்’ என்னும் பாலத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் இழையால் அமைந்த வளையத்தை இறுதியில் வீழ்த்தியதில் பாலத்துக்கும் பெரும்பங்கு உண்டு.

தூய கண்ணாடி இழையின் வழியே ஒளியைக் கொண்டு செய்தி அனுப்ப இயலும் என 1966ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சார்லஸ் காவ் என்பாரும் ஹாக்ஹம் என்பாரும் எடுத்துக்காட்டினர். 1980களின் பிற்பகுதியில் அவ்விழை, எஃப்.டி.டி.ஐ. என்னும் பெயருடன் கணினி வலைக்கு வந்தது. நொடிக்கு 10 கோடி பிட்டுகளை அது சுமந்தது. அலுவலகங்களில் பரவியிருந்த ஈதர்நெட் செப்புக் கம்பியோ 1 கோடியையே சுமந்தது.

புதிய வலையில் எதிரெதிர்த் திசையில் ஓடும் இரு வளையங்கள் உண்டு. ஓரிடத்தில் அறுந்தால் இரண்டும் மடிந்து ஒன்றாகி வேலை தொடரும். ஈரிடங்களில் அறுந்தாலோ வளையம் துண்டுபடும். தனிக் கணினியால் தொல்லை நேர்ந்தது இங்கேதான். மேசைக் கணினியை நேரே இரு வளையத்திலும் பிணைத்தவர், மாலையில் வீட்டுக்குப் புறப்படும்போது விசையை அணைத்தால் அதுவும் ஓர் அறுபடலே! தனியாக மாற்றுவழிக் கருவி இல்லாத இடத்தில், வளையத்தின் வெவ்வேறு பக்கங்களில் இருவர் அணைத்துவிட்டால், ஒரு பகுதி மறு பகுதியோடு பேசாது. வளையத்துக்கான அட்டையின் விலையும் அதிகம். ஆகவே கணினியைப் பழைய ஈதர்நெட்டிலேயே விட்டு, இடையே பாலத்தை நிறுத்தினர். அது இராப்பகலாக இயங்கும். எந்த முகவரி எந்தப் பக்கம் உள்ளது என்பதைத் தானே கவனித்துக் குறித்துக்கொள்ளும்.

பாலங்களால் ஓர் ஆபத்தும் இருந்தது. பாதுகாப்புக்கென ஒரே இரு வலைகளுக்கிடையே இரு பாலங்களை வைத்தால், மடல்கள் முடிவின்றிச் சுற்றிவரும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் என்னும் அம்மையார், மிகையான வழிகளைப் பாலங்களே அடைத்துக்கொள்ளும் முறையை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டார். அம்முறையை விளக்க ஒரு சிறு கவிதையும் இயற்றினார்!

இரு வலைகளின் மடல்களும் ஒன்றல்ல. ஈதர்நெட் மடல் 1,518 பைட்டுக்கு மேற்படாது. வளையத்தின் மடல் 4,500 வரை செல்லும். தொடக்கத்தில் சில பாலங்கள் ஈதர்நெட் மடலை அப்படியே ஓர் உறையிலிட்டு அனுப்பின. மறுகரையிலுள்ள தன்னினப் பாலமே அதைப் பிரிக்க வல்லது. வளையத்தில் நேரே அமர்ந்த கணினிக்கு அது வெறும் உறையே. பின்னர் மொழிபெயர்க்கும் பாலங்கள் வந்தன. சிறிய மடல் எளிதில் வளையத்துள் சென்றது. பெரிய மடல் திரும்பி வருவதில்தான் சிக்கல்! சில பாலங்கள் இணைய நெறிப்படி அமைந்த மடலைத் துண்டாக்கி அனுப்பின, மற்றவற்றைக் கைவிட்டன.

இத்தனை குறையிருந்தும், பழைய கம்பியைக் கழற்றாமலே கண்ணாடியை அடையலாம் என்றான பின், வளையம் மேசைவரை வர வேண்டிய தேவை எழவில்லை. 1990ஆம் ஆண்டில் ‘கல்பனா’ என்னும் அமெரிக்க நிறுவனம் ஏழு வாயில்கள் கொண்ட ‘ஸ்விட்ச்’ கருவியை வெளியிட்டது. பல வாயில்களுள்ள பாலமே அது. 1995ஆம் ஆண்டில் ஈதர்நெட்டும் 10 கோடி பிட்டு வேகத்தை எட்டியது. வளையம் மெல்ல மறைந்தது. வீட்டுச் சுவரில் வந்து முடியும் இன்றைய கண்ணாடி இழையிலும் பெரும்பாலும் ஈதர்நெட் மடலே வருகிறது. அங்குள்ள பெட்டியிலிருந்து கணினிக்குச் செல்லும் கம்பியும் அதே மடலையே ஏந்திச் செல்கிறது.