இடைவெளி இழந்த பெயர்கள்

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஆற்றோரம் இருக்கிற அய்யனார் கோவிலின் பெயரில் ஓர் இணைய முகவரி பதிவதாக வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் கோயிலை ‘கே, ஓ, ஐ, எல்’ என்று முடித்தால், கடைசி மூன்று எழுத்தில் எண்ணெய் வந்து நிற்கும். நாகர்கோவிலுக்கு இது பழைய சங்கடம். ‘சி’யில் எழுதப்படும் அந்தக் கோவில், ஆங்கிலம் மட்டும் படிப்பவருக்குக் கம்பிச்சுருள். ராஜபாளையத்தை அடுத்த சங்கரன்கோவிலிலோ அதே சொல் ‘கே, ஓ, வி’ என்று வேறு உருவில் இருக்கிறது. இப்படி விபரீதமாகப் படிக்க நேரும் முகவரிகளைப் பார்த்து, பெயர் வைத்தவரின் கவனக்குறைவு என்று சிரித்துவிடுகிறோம். அது நியாயமில்லை. பிழையின் வேர் எழுத்துமுறையில் இருக்கிறது.

ரோமன் எழுத்தில் எழுதும் மொழிகள் சொல்லைப் பிரித்துக் காட்ட இடைவெளியையும் பெரிய எழுத்தையும் நம்பியிருக்கின்றன. கணினி முகவரிகள் இந்த இரண்டையும் பறித்துவிட்டன. 1985இல் வகுக்கப்பட்ட விதி, பெயரில் எழுத்து, எண், இடைக்கோடு, புள்ளி ஆகியவற்றை மட்டுமே அனுமதித்தது. இடைவெளி கூடாது, பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு இல்லை. இடைவெளியை விலக்கியதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்: கட்டளை வரியில் இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்தது என்றே கணினி எடுத்துக்கொள்ளும். விளைவு எல்லோரும் அறிந்தது. நிபுணர்கள் கருத்துப் பரிமாறும் தளமான எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்சின் முகவரி ‘எக்ஸ்பர்ட் செக்ஸ் சேஞ்ச்’ என்று படிக்கப்பட்டது. பிறகு நடுவில் ஓர் இடைக்கோடு போட்டுத்தான் மானத்தைக் காத்துக்கொண்டார்கள். தவறாகப் படிப்பது மனிதக் கண் மட்டுமல்ல. 1996இல் இங்கிலாந்தின் ஸ்கந்தார்ப் நகரத்தார், ஊர்ப்பெயருக்குள் ஒரு கெட்ட சொல் ஒளிந்திருந்ததால் ஏஓஎல் நிறுவனத்தின் சேவையில் கணக்குத் தொடங்க முடியாமல் தவித்தார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் நடுவில் அப்படியொரு சொல் அகப்படும். தமிழில் அந்தப் பெயருக்கு எந்தக் களங்கமும் இல்லை.

தமிழும் இடைவெளி இல்லாமல்தானே எழுதப்பட்டது என்று கேட்கலாம். உண்மைதான். கல்வெட்டிலும் ஓலையிலும் சொற்கள் தொடர்ந்தே ஓடும். மெய்யெழுத்தின் மேல் புள்ளிகூடப் பெரும்பாலும் இராது. பதம் பிரித்துப் படிப்பதே ஒரு கல்வியாக இருந்தது. பிரிக்கும் இடம் மாறினால் பொருள் மாறும் என்பதைக் காளமேகப் புலவர் சிலேடையாகவே ஆக்கிக்கொண்டார். ஆனால் தமிழ் தன் மூட்டுகளுக்கு அடையாளம் வைத்திருக்கிறது. மொழிக்கு முதலில் எந்த எழுத்து வரலாம், இறுதியில் எது வரலாம் என்று தொல்காப்பியமே வரையறுக்கிறது. மெய்யெழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. ஆகவே வில்லிபுத்தூரில் ‘த்’துக்கு முன் யாரும் வெட்ட மாட்டார்கள். சந்தி சேர்த்து ‘வில்லிப்புத்தூர்’ என்று எழுதுவோர் மூட்டிலேயே ஒரு ‘ப்’ வைத்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பதினான்கு எழுத்து. அதில் எங்கே வில்லி என்ற பெயர் முடிகிறது, எங்கே அவன் கண்டதாகச் சொல்லப்படும் புதிய ஊர் தொடங்குகிறது என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. ரயில்வே இரண்டு ‘டி’ போடுகிறது, மற்றவர்கள் ‘டி, ஹெச்’ போடுகிறார்கள்.

ஆங்கில எழுத்துக்கூட்டைத் திருத்தினால் போதாதா? 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு அதைச் செய்து பார்த்தது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப 1,018 ஊர்ப்பெயர்களை மாற்றிய ஆணை, எழுத்துக்கூட்டின் மீது எழுந்த விமர்சனத்தால் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. ரோமன் எழுத்தில் குறில், நெடில், வல்லினம் எல்லாவற்றையும் அடைக்கப் போனால் பெயர் நீண்டு, படிக்கவே தடுமாற்றமாகிவிடுகிறது. இதைவிட உறுதியான வழி ‘.இந்தியா’ என்று தமிழிலேயே முடியும் முகவரி. உள்ளே அதுவும் ரோமன் குறியீடாகவே மாற்றப்படுகிறது என்பது குறைதான். ஆனால் படிப்பவர் கண்ணுக்குத் தெரிவது தமிழ். ‘அய்யனார்கோவில்’ என்று சேர்த்து எழுதினாலும் ‘ர்’ முடியும் இடம் தெளிவாகத் தெரிகிறது. அங்கே பதிபவருக்கு இருக்கும் கேள்வி வேறு: அய்யனாரா ஐயனாரா, கோவிலா கோயிலா? நான்கு சேர்க்கையும் தமிழில் வழங்குபவையே. கணினிக்கு அவை நான்கு வேறு வேறு முகவரிகள்.