சீமையில் இரண்டு அடுப்புகள்

பிள்ளை தூர தேசத்துக்குப் படிக்கப் புறப்பட்டால், தாய் பலகாரம் கட்டிக் கொடுப்பாள். கூடவே ஒரு சத்தியமும் வாங்கிக்கொள்வாள். பலகாரம் பத்து நாளில் தீர்ந்துவிடும். சத்தியம் தீராது. அதைக் காப்பாற்றிக்கொண்டு உடம்பையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

1888 செப்டம்பரில் பம்பாயில் கப்பல் ஏறிய மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயிடம் சத்தியம் செய்திருந்தார். கப்பலில் பெரும்பாலும் வீட்டிலிருந்து கொண்டுபோன இனிப்பையும் பழத்தையும் தின்றே காலம் தள்ளினார். லண்டனில் அதுவும் இல்லை. காலையில் ஓட்ஸ் கஞ்சி கிடைத்தது. மற்ற வேளைகளில் கீரையும் ரொட்டியுந்தான். இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ரொட்டி கேட்கக் கூச்சம். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டே பட்டினி கிடந்தார்!

அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? நடந்தார். நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு மைல் அலைந்து, ஃபாரிங்டன் தெருவில் ஒரு சைவ உணவு விடுதியைக் கண்டுபிடித்தார். வாசலருகே விற்பனைக்கு வைத்திருந்த ஹென்றி ஸால்ட்டின் புத்தகத்தை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சீமைக்கு வந்த பின் அன்றுதான் வயிறு நிறைந்தது. அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்காக இருந்தது, அந்தப் புத்தகத்தைப் படித்த பின் சொந்தக் கொள்கையாயிற்று. சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் சேர்ந்தார். குடியிருந்த பேட்டையில் ஒரு கிளப்பே தொடங்கினார். ஒற்றை அறையில் தாமே கஞ்சி காய்ச்சிக் குடித்த நாட்களில் அவருடைய சாப்பாட்டுச் செலவு தினம் 1 ஷில்லிங் 3 பென்ஸ். 1891-ல் பாரிஸ்டராக ஊர் திரும்பினார்.

1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறினார் கணித மேதை ராமானுஜன். அவருக்கு வயது 26. ஆகஸ்டில் யுத்தம் மூண்டது. கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் எல்லாரும் கூடி உண்ணும் மண்டபத்தை விட்டுத் தம் அறையில் தாமே சமைத்துக்கொண்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் வேளை ஏது, அடுப்பு ஏது? நாக்கை வென்றுவிட்டேன், வெறும் சோற்றில் கொஞ்சம் உப்பும் எலுமிச்சம் சாறும் விட்டுக்கொண்டு எத்தனை காலமும் இருப்பேன் என்ற கருத்தில் ஊரிலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். அதைப் படிக்கும்போது நமக்குப் பெருமை வரவில்லை, பயம் வருகிறது.

1917-ல் நோயில் விழுந்தார். 1919-ல் ஊர் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

சாப்பாடுதான் அவரைக் கொன்றது என்பது அநியாயம். டாக்டர்கள் க்ஷயம் என்று எண்ணினார்கள். 1994-ல் ஓர் ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்றார். யுத்தத்தையும் ராமானுஜன் கூப்பிடவில்லை. ஆனாலும், எந்த நோயானாலும் எதிர்த்து நிற்க உடம்பில் பலம் வேண்டாமா?

இருவரும் புலாலைத் தொடவில்லை. இருவரும் நாக்கை அடக்கினார்கள். ஆனால் ஒருவர் அந்நிய ஊரில் தம்மைப்போல் உண்பவர்களைத் தேடிப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தார். மற்றவர் கதவுக்குப் பின்னால் தனியே அடுப்பு மூட்டினார்.

சத்தியம் வாங்கும் தாய்மார்கள் கூடவே இன்னொன்றும் வாங்கிக்கொள்ளலாம்: “வேளை தவறாதே அப்பா, தனியே உண்ணாதே.”