சிறைச்சாலையும் மேசைக் கணினியும்

அந்தமானில் குடியேறிய தமிழருக்குச் செல்லுலார் சிறையைப் பற்றி நாம் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டுவதில்லை. பம்பாயிலும் தில்லியிலும் வாழும் நேயர்களின் பொருட்டு மட்டும் சில சொற்கள் கூறுவோம். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த அக்கட்டடம், நடுவே ஒரு காவற்கோபுரமும், அதனின்று சக்கரத்தின் ஆரக்கால்கள் போலப் பிரியும் ஏழு பகுதிகளும் கொண்டு விளங்கியது. ஒவ்வொரு பகுதியும் மூன்று தளம் உடையது; அறைகள் 693. 1941-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அது சேதமுற்றது. பிறகு ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலும் விடுதலைக்குப் பின்னரும் நான்கு பகுதிகள் இடிபட்டன. அவ்வளாகத்தில் 1963-இல் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை எழுந்தது. இன்று நிற்பவை மூன்று பகுதிகளே.

இச்சிறையின் வரலாற்றைப் பின்னணியாகக் கொண்டு பிரியதர்சன் இயக்கிய 'காலாபானி' என்னும் மலையாளப் படம் 1996-இல் வெளிவந்தது. தமிழில் அது 'சிறைச்சாலை' எனப் பெயர் பெற்றது. அப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்காகத் தேசிய விருது பெற்றவர் எஸ். டி. வெங்கி. 1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்திற்காகவும் அவ்விருது அவருக்கே கிடைத்திருந்தது. ஆடுபவரின் தலையும் கையும் மறைந்து, தொப்பியும் உடையும் மட்டும் ஆடிய காட்சியை நம்மில் யார் மறப்பர்? கணினி நம் திரைப்படத்துள் கால் வைத்த காலம் அது. அக்காலத்து மேசைக் கணினி என்னென்ன தொல்லை தந்தது, அவற்றை எவ்வாறு தீர்த்தனர் என்பதை இதே சிறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் 'த்ரீ-டி ஸ்டூடியோ' 1990-இல் வெளிவந்தது. முப்பரிமாண உருவங்களை மேசைமேல் வைத்த எந்திரத்திலேயே அசைக்க அது வழி செய்தது. இடிந்த பகுதிகளை அதில் எழுப்புவோம் எனக் கொள்க. ஒரு பகுதியை வரைந்து, பெயர்த்து, கோபுரத்தைச் சுற்றி நிறுத்தினால் போதுமே என்று தோன்றும். போதாது, அப்பகுதிகள் நீளத்தால் ஒத்தவை அல்ல. அறைதோறும் கம்பிகளை உருண்டையாகச் செதுக்கினாலோ, நினைவகம் நிரம்பி எந்திரம் நின்றுவிடும். அனுபவசாலிகள் கம்பிகளைச் செதுக்கவில்லை. கம்பியின் படத்தைச் சமதளச் சுவரின்மேல் ஒட்டிவிட்டனர். தொலைவிலிருந்து காண்பவர் கண்ணுக்கு அது கம்பியே.

அடுத்தது இடநெருக்கடி. நம் தொலைக்காட்சிக்கு ஒரு நொடிக்கு 25 படங்கள் வேண்டும். அகலத்தில் 768 புள்ளிகளும் உயரத்தில் 576 புள்ளிகளும் கொண்ட முழு வண்ணப் படம் ஒன்று ஏறத்தாழ 13 லட்சம் பைட் இடம் கொள்ளும். ஒரு பிளாப்பியில் அத்தகைய படம் ஒன்றுதான் அடங்கும்! ஒரு படத்தைத் தீட்டப் பத்து நிமிடம் ஆகுமெனின், ஒரு நிமிடக் காட்சிக்கு 250 மணி நேரம். அதாவது பத்து நாளுக்கும் மேல். இரவெல்லாம் எந்திரத்தை ஓடவிட்டுக் காலையில் வந்து பார்த்தால், நள்ளிரவில் ஹார்டு டிஸ்க் நிறைந்து வேலை நின்றிருக்கும். படங்களுக்குத் தனித்தனி எண்ணிட்டுச் சேமிக்கும் வழக்கம் இங்கே கைகொடுத்தது. 412-ஆம் படத்தில் நின்றால் 412-இலிருந்து தொடரலாம். முதலிலிருந்து தொடங்க வேண்டா.

ஆனால் குற்றம் மென்பொருளிலா, வன்பொருளிலா என்று அறிவதே பெரும்பாடு. டாஸ் முறையில், எத்தனை நினைவகம் பொருத்தினும், முதல் 640 கிலோபைட்டுக்கே சாதாரணச் செயலிகள் போட்டியிட்டன. சுட்டிக்கும் வரைபலகைக்கும் உரிய சிறு செயலிகள் அதனை அடைத்துக்கொண்டால், பெரிய மென்பொருள் திறக்க மறுக்கும். அவற்றை ஏற்றும் வரிசையை மாற்றினாலே பல வேளை குறை தீர்ந்துவிடும். இரண்டு அட்டைகள் ஒரே குறுக்கீட்டு எண்ணைக் கோரினால் எந்திரம் உறைந்து போகும். அப்போது இன்றியமையாத அட்டைகளைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்திப் பார்ப்பதே மருந்து. பொறுமையற்றவர்க்கு இத்தொழில் ஆகாது.

இன்னொரு தொல்லை கடற்கரை ஊர்களுக்கே உரியது. திருட்டுப் பிரதியைத் தடுக்க, அம்மென்பொருளுடன் ஒரு சிறு பூட்டும் வந்தது; அச்சு எந்திரத்தை இணைக்கும் வாயில் அதனைச் செருக வேண்டும். உப்புக் காற்றில் அதன் ஊசிகள் களிம்பேறினால், 'பூட்டு இல்லை' என்று மென்பொருள் முறையிடும். மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் யாது பயன்? ஊசியைத் துடைத்தால் போதும்.

எதிர்மாறான வேடிக்கையும் உண்டு. சிறையின் தாழ்வாரக் கைப்பிடி கணினித் திரையில் அமைதியாக இருக்கும். தொலைக்காட்சியில் மட்டும் துடிதுடிக்கும். எந்திரம் பழுது என்பர். பழுதன்று. தொலைக்காட்சி ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் மாறி மாறிக் காட்டியது. மெல்லிய கிடைக்கோடு ஒரே வரியில் விழுந்தால், அது நொடிக்கு 25 முறை தோன்றி மறையும். படத்தை மேலும் கீழுமாகச் சிறிது மங்கச் செய்வதே இதற்குத் தீர்வு. கூர்மையை விரும்பும் கலைஞர் இதற்கு எளிதில் இணங்கார்!

1994-இல் பெண்டியம் சில்லிலேயே வகுத்தற் பிழை இருப்பதாகக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டிய இடத்தில் அது 1.33373 என்றது. கணக்கே உயிரான ஒரு தொழிலில் இருந்தோர் எவ்வளவு கலங்கியிருப்பர் என்று சொல்ல வேண்டுமோ?

போர்ட் பிளேர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியது. அதற்கு முன்பே, 2020-இல், சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் அங்கு வந்து சேர்ந்துவிட்டது. படங்களைக் கப்பலில் அனுப்ப வேண்டிய காலம் போயிற்று. எனினும் 1990-களில் தீட்டிய படங்கள் பல இன்றும் பிளாப்பிகளிலேயே கிடக்கின்றன. ஈரக் காற்றுள்ள ஊர்களில் அவற்றின்மேல் பூஞ்சை படர்கிறது. பூஞ்சை பிடித்த பிளாப்பியைச் செருகினால், படிக்கும் தலை அழுக்காகும்; அத்தலை அடுத்துச் செருகும் நல்ல பிளாப்பியையும் கெடுக்கும். பெட்டியில் பழைய பிளாப்பி வைத்திருக்கும் நேயர்கள், முதலில் அதன் தகட்டை நகர்த்தி வட்டை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். வெண்புள்ளிகள் தெரிந்தால் செருகாமல், தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுப்பது நன்று.