செவ்வியல் படம்

'செவ்வியல்' என்பது செம்மை, இயல் என்னும் இரு சொற்கள் புணர்ந்து, நேர்த்தியும் நிறைவும் உடைய தன்மையைக் குறிக்கும் சொல்லாகும். உரோமில் முதல் வகுப்புக் குடிமக்களைச் சுட்டி, பின்னர் முதல்தர எழுத்தாளரைக் குறித்த 'கிளாசிக்கஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்த கருத்துக்கு இணையாக இன்று வழங்குகிறது. திரைப்படத்திற்கு அடையாகும்போது இது வெறும் பழமையைச் சுட்டுவதன்று. தன் காலத்தின் குரலாகப் பிறந்து, அக்காலம் கடந்தபின் வரும் தலைமுறையினரையும் ஈர்க்கும் ஆற்றலைச் சுட்டுவது. செட்டிநாட்டில், காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஏ.வி. மெய்யப்பன் அமைத்த படப்பிடிப்புக் கூடத்தில் உருவாகி, 1947இல் வெளிவந்த 'நாம் இருவர்', விடுதலையின் வாயிலில் பாரதியார் பாடல்களை டி.கே. பட்டம்மாளின் குரலாலும் குமாரி கமலாவின் நடனத்தாலும் மக்களிடம் சேர்த்தமையால், இப்பொருளுக்கு முழுமையாக உரியதாகிறது.